பெரிய கடைசல், மெதுவான சுற்று
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"ரிட்டயர் ஆன பிறகு என்ன பண்றீங்கன்னு பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பராமரிப்புப் பிரிவிலேயே என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. இப்போது புதுவாயலில், வீட்டுக்குப் பின்னால் போட்ட ஷெட்டில் மரம் கடைகிறேன். போன வருடம் அதற்காக ஒரு பெரிய கடைசல் எந்திரம் வாங்கினேன். "பி.எஃப். பணத்தை எடுத்து இரும்பு வாங்கிட்டு வந்திருக்காரு" என்று என் துணைவியார் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "இருக்கிற சின்ன லேத்து நல்லாத்தானே ஓடுது, பெரிசு எதுக்குங்க?" அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

என்ன கடையப் போகிறோம் என்பதைப் பொறுத்தது எந்திரம். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானைப் பாருங்கள், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகசுரம் கடைகிறார்கள். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அது நீளமானது, ஆனால் ஒல்லியானது. இவற்றுக்கெல்லாம் அகலமான எந்திரம் தேவையில்லை. எனக்கு ஆசை, அகலமான மரக்கிண்ணமும் தாம்பாளமும் கடைய வேண்டும் என்று. அங்கேதான் கணக்கு மாறுகிறது.

20 அங்குலம், அதாவது சுமார் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்தை நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 94 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். நம்ம ஊர் கொல்கத்தா நெடுஞ்சாலையில் பறக்கிற கார் வேகம்! அதன் முன்னால் உளியைப் பிடித்துக்கொண்டு நாம் நிற்கிறோம். கடைசல் வேலையில் ஒரு கைக்கணக்கு உண்டு: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் வர வேண்டும். 4 அங்குல மரத்துக்கு 1500 சுற்றுக்கு மேலே போகலாம். 20 அங்குலத்துக்கு 300 முதல் 450 வரைதான். வட்டத்துக்கு வராத கரட்டுக் கட்டையாக இருந்தால் அதற்கும் கீழே ஆரம்பிக்க வேண்டும். என் சின்ன லேத்தின் மிகக் குறைந்த வேகமே 500 சுற்று. பெரியதில் 100 வரை இறங்கலாம்.

அடுத்தது எடை. கட்டையின் ஒரு பக்கம், மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில், ஒரே ஒரு கிலோ கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். 600 சுற்றில் அது எந்திரத்தை வெளியே இழுக்கும் விசை சுமார் 80 கிலோ எடைக்குச் சமம். 300 சுற்றுக்கு இறக்கினால் 20 கிலோதான். வேகம் பாதியானால் விசை கால் பங்கு. இரண்டாம் ஆண்டில் மையவிலக்கு விசையை மனப்பாடம் செய்தோமே, அதை ஷெட்டில் நின்று பார்த்தால் உடம்பே புரிந்துகொள்கிறது! 40 கிலோ லேத் அந்த ஆட்டத்தில் நடந்து போய்விடும். வார்ப்பிரும்பு பெட் வைத்த 350 கிலோ எந்திரம் அசையாமல் நிற்கிறது. ஆக, நான் பணம் கொடுத்து வாங்கியது வேகத்தை அல்ல, நிதானத்தையும் கனத்தையும்தான்.

அந்தக் கனம் வீட்டுக்குள் வருவதுதான் பெரிய பாடு. எங்கள் சந்தில் ஹைட்ரா நுழையாது. ஹெட்ஸ்டாக், டெயில்ஸ்டாக், மோட்டார் மூன்றையும் தனித்தனியாகக் கழற்றி, பெட்டைக் குழாய் மேல் உருட்டி, செயின் பிளாக்கில் தூக்கி வைத்தோம். தரைக்கு முன்கூட்டியே கான்கிரீட் போட்டு நன்றாக இறுகவிட்டேன்.

மின்சாரமும் ஒரு கேள்வி. மோட்டார் 2 குதிரைத் திறன், த்ரீ ஃபேஸ். வீட்டில் சிங்கிள் ஃபேஸ். வி.எஃப்.டி. டிரைவ் ஒன்று வைத்தால் இரண்டும் பொருந்திவிடும், வேகத்தையும் திருகு குமிழில் மாற்றலாம். வாங்குமுன் மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படியுங்கள். டெல்டா இணைப்பில் 230 வோல்ட்டுக்கு ஓடக்கூடியதா என்று பாருங்கள். இன்னொன்று, டிரைவில் மட்டும் வேகத்தைக் குறைத்தால் மோட்டாரின் திறனும் குறையும், அதன் விசிறியும் மெதுவாகி சூடேறும். பெரிய கட்டைக்கு பெல்ட்டையும் மெதுவான புல்லிக்கு மாற்ற வேண்டும்.

மரத்துக்கு எங்கே போவது? 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் விழுந்த வேம்பும் பூவரசும் விறகுக்கடைக்குப் போயின. இன்று ஒரு கிளை விழுந்தாலும் தெருக்காரர்கள் "சார், வேணுமா?" என்று கேட்கிறார்கள். பச்சை மரத்தை அப்படியே முடித்தால் காய்ந்து கோணும், வெடிக்கும். முதலில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டுக் கரடாகக் கடைந்து, நிழலில் மாதக்கணக்கில் காயவைத்து, பிறகு மறுபடி ஏற்றிக் கடைகிறேன். அவசரப்படுகிறவனுக்கு இந்த வேலை கிடையாது.

தம்பி தங்கைகளே, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். லேத் முன்னால் துண்டு, துப்பட்டா, தொங்கும் சங்கிலி, கையுறை, எதுவும் கூடாது. சுற்றுகிற மரம் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். முழு முகத்துக்கும் கவசம் போடுங்கள். சுவிட்ச் போடும்போது கட்டையின் நேர் எதிரே நிற்காமல் தள்ளி நில்லுங்கள். மரத்தூளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. வாசலைத் திறந்து வைத்தால் போதாது. நல்ல மாஸ்க்கும் தூசி உறிஞ்சியும் வேண்டும்.

இரும்பு லேத்தில் டூலை டூல் போஸ்ட் பிடிக்கிறது. மர லேத்தில் உளியைப் பிடிப்பது நம் கை. சிப்காட்டில் நான் பழுது பார்த்த எந்திரங்கள் எல்லாம் ஆளில்லாமலே ஓடக் கற்றுக்கொண்டன. அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் கை சும்மா இருக்கப் பழகிவிட்டால் திரும்பக் கற்றுக்கொடுப்பது கஷ்டம். உங்கள் ஒர்க்‌ஷாப் பீரியடை ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் செய்யாதீர்கள்.

துணைவியாரின் கேள்விக்கு முழுப் பதில் கிடைத்ததா என்று தெரியாது. பூவரசில் கடைந்த 16 அங்குலத் தாம்பாளத்தில் இப்போது அவர்தான் பூ வைக்கிறார். எந்திரத்தின் விலையை மட்டும் இன்னும் மறக்கவில்லை!