யாளி வாகனம்

ஸ்ரீகாளஹஸ்தி என்னும் பெயரிலேயே சிலந்தியும் பாம்பும் யானையும் உறைகின்றன. அவ்வூரின் மகாசிவராத்திரிப் பெருவிழாவிலோ, உலகில் இல்லாத விலங்கொன்றும் வீதியுலா வருகின்றது. ஐயன் சேஷ வாகனத்தில் எழுந்தருள, ஞானப்பூங்கோதை அம்மை யாளிமேல் வருகின்றாள்.

சிங்கத்தின் உடல், யானையின் துதிக்கை, பிதுங்கிய விழிகள். யாரும் கண்டறியாத இதனை நாம் எவ்வாறு நம்புகின்றோம்? உறுப்புகள் யாவும் நாம் அறிந்தவையே. சிற்பி புதிதாய்ப் படைத்தது இணைப்பை மட்டுமே.

தூணில் நிற்கும் யாளி விரும்பியவாறு பாயலாம்; அதற்குக் கல்லே துணை. வாகன யாளிக்கு அவ்வுரிமை இல்லை. முதுகு பீடத்தைத் தாங்க வேண்டும். பாரம் தண்டுகளின் நடுவே நிற்க வேண்டும். கற்பனை விளையாட்டுகளுக்குச் சிறகு நாகங்களை வரையும் இக்கால ஓவியர்க்கும், ஏறுபவர் எங்கே அமர்வார் என்பதே முதல் வினா. இங்கோ, தலை சிறிது கனத்தாலும், முன்தண்டுக்குத் தோள் கொடுப்போர் முதல் திருப்பத்திலேயே சொல்லிவிடுவர்.