பசிக்குப் பின்னரா மொழி?



உடற்பசி, பாதுகாப்பு, அன்புறவு, நன்மதிப்பு, தன்னாற்றல் மலர்ச்சி என மனிதத் தேவைகளை 1943-இல் படிப்படியாக அடுக்கினார் அமெரிக்க உளநூலறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ. முன்னது ஒருவாறு தணிந்த பின்னரே அடுத்ததில் நாட்டம் செல்லும் என்பது அவர் துணிபு. கிழக்கேகோட்டையில் வாழும் நமக்கு இஃது ஓரளவே பொருந்தும். பிழைப்பு நாடியே சாலைக் கடைத்தெருவுக்கு வந்தோம், மெய்தான். ஆயின், 1954 ஆகஸ்டு 11-இல், தமிழ் வழங்கும் வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரியோர் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினரே! இரண்டாம் படியைத் துறந்தன்றோ அவர்கள் மூன்றாவதை நாடினர்? கொள்கைக்காக உயிர்துறப்போரிடம் வரிசை பிறழுமென மாஸ்லோவும் ஒப்பியுள்ளார்.

1956 நவம்பர் 1-இல் நான்கு வட்டங்கள் குமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நாம் இங்கேயே நின்றோம், வயிறு வாடவில்லை. பள்ளியிலும் கடையிலும் மலையாளமே பேசும் நம் பிள்ளைகளுக்கு அந்த மூன்றாம் பசி எடுக்கின்றதா என்பதே நம்மை வருத்தும் வினா.