விடுதியில் துணைநிற்போர்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அருகப் பெருமான் திருவடி போற்றி!  

நம் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரி விடுதிகளில் தங்கிப் பயில்கின்றனர். அங்கே அவர்களுக்குத் துணைநிற்போரைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

உறைவிடக் கல்வி நமக்குப் புதியதன்று. வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடல் கல்வெட்டு, முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியர் 500 பேரையும் அது குறிக்கிறது. அங்கிருந்த வேறு 400 தவத்தியரோடு பிணக்கு நேர்ந்தபோது, குரத்தியாரையும் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர். காத்தல், ஊட்டல் என்னும் இவ்விரண்டுமே இன்றும் விடுதிப் பணியின் சாரம். காப்பாளர், சமையலர், காவலர் ஆகியோரோடு, மாணவருள் தளத்தலைவரும் உணவுக் குழுவினரும் இப்பணியைச் செய்கின்றனர்.

போடிநாயக்கனூர்ப் பகுதியில் ஒரு மாணவியர் விடுதியில் நான் துணைக் காப்பாளராக இருந்தேன். மாடியில் நின்றால் குரங்கணி மலைச்சரிவு தெரியும். மேற்கே மலை உயர்ந்து நிற்பதால் கதிரவன் விரைவிலேயே மறைந்துவிடும். விடுதியில் இரவு உணவோ எட்டு மணிக்கு. நம் சமயத்து மாணவி ஒருத்தி முதலாண்டில் சேர்ந்தாள். நாள்தோறும் பெயர் அழைக்கும்போது "இருக்கிறேன், அம்மா" என்பாள், நானும் குறித்துக்கொள்வேன். மூன்று வாரம் கழிந்தபின், தளத்தலைவியான மூத்த மாணவி என்னிடம் வந்தாள். "அம்மா, அவள் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை; கேட்கக் கூசிப் பட்டினியாகப் படுக்கிறாள்" என்றாள்.

நான் நாணித் தலைகுனிந்தேன். நானோ நாள்தோறும் வீட்டிலிருந்து கொண்டுசென்றதைப் பொழுது சாயுமுன் உண்டுவிட்டே பதிவேட்டைத் திறப்பவள்! நான் காணாததை வேறு சமயத்து மாணவி கண்டாள். மறுநாள் முதல் சமையல் அம்மையார் ஐந்தரை மணிக்கே கிழங்கும் வெங்காயமும் சேராத உணவை அவளுக்கென எடுத்துவைத்தார்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், மலையேற்றத்துக்கு வந்தோருள் 20க்கும் மேற்பட்டோரை நாம் இழந்த துயரத்தை நாடறியும். அன்றிரவு பெற்றோர் பலர் பதறி விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்தனர். வெளியே சென்ற மாணவியர் பெயருக்கு எதிரே பதிவேட்டில் 'ஊர்' என்னும் ஒரு சொல்லே இருந்தது. தளத்தலைவியரே யார் எங்கே சென்றார் என்று கூறி, ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசி, அனைவரும் நலமென உறுதிசெய்தனர். பதிவேடு எண்ணிக்கையை அறியும். உடனுறைவோரே ஆளை அறிவர்.

பகடிவதையைத் தடுக்கத் தமிழகம் 1997இல் சட்டம் இயற்றியது. எனினும் நள்ளிரவில் அழுகுரலை முதலில் கேட்பவர் அடுத்த அறை மாணவரே. அவர் ஒற்றரும் அல்லர், ஏவலாளரும் அல்லர். கேட்டதைத் தாமே சுமந்து வருந்தாமல் காப்பாளரிடம் உடனே சேர்ப்பதே அவர் கடன். அதைச் செவிமடுப்பது காப்பாளர் கடன்.

பெற்றோர்களே! பிள்ளையை விடுதியில் சேர்க்கும் நாளில் காப்பாளரோடு தளத்தலைவரையும் சமையலரையும் கண்டு பேசுங்கள். நம் உணவு நெறியைத் தயங்காமல் எடுத்துரையுங்கள். நும் பிள்ளையே தளத்தலைவராகும் வாய்ப்பு வந்தால், படிப்புக் கெடும் என்று தடுக்காதீர்கள். பிறர்க்குத் தொண்டாற்றும் வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்று. அதைப் பழகுதற்கு விடுதியினும் நல்ல களம் இளையோர்க்கு வேறில்லை.