கப்பல் வருமுன் காசு கொடுக்கலாமா?

(பொன்விழா நிகழ்ச்சியில் இளம் வணிகர்கள் சார்பில் ஆற்றிய உரை)

 

சங்கம் ஐம்பது ஆண்டு நிறைவு காணும் இந்த மேடையில் கச்சா எண்ணெயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தேயிலை மலையில் எண்ணெய்க்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் ரிங்லெட்டிலும் கடை வைத்திருக்கும் நம்மவர் கைப்பேசிக்கும் அந்தச் செய்தி வருகிறது. நைஜீரியாவின் போனி லைட் எண்ணெய், இரண்டு மில்லியன் பீப்பாய், சந்தை விலையைவிடப் பத்து டாலர் குறைவு, வாங்க ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். அனுப்புபவர் நமக்கு அறிமுகமானவராகவே இருப்பார். அவருக்கு அனுப்பியவர் யாரென்று அவருக்கே தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மில்லியன் பீப்பாய்க்குப் பத்துப் பத்து டாலர் என்றால் இருபது மில்லியன் டாலர். முகம் தெரியாத ஒருவருக்கு இவ்வளவு பணத்தை யார் விட்டுக்கொடுப்பார்? ஒரு பீப்பாய் ஏறக்குறைய 159 லிட்டர். இதை ஏற்ற மிகப் பெரிய கப்பல் ஒன்று முழுதாக வேண்டும். வந்து சேர்ந்தாலும், சுத்திகரிப்பு ஆலை இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. நைஜீரிய தேசிய எண்ணெய் நிறுவனமே தன் பெயரில் நடக்கும் போலி விற்பனையைப் பற்றிப் பலமுறை எச்சரித்துள்ளது.

ஏமாற்றுக்காரர் குறிவைப்பது எண்ணெயின் முழு விலையை அல்ல, முன்பணத்தை. முதலில் முத்திரை குத்திய ஒப்பந்தம் வரும். பிறகு கிடங்கு வாடகை, கப்பல் பதிவு, ஆய்வுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கட்டியதை மீட்க மேலும் கட்ட வேண்டியதாகும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகளின் நகை அடகுக்குப் போனது. அடுத்து மச்சானின் ஹஜ் சேமிப்பும் போனது. கப்பல் மட்டும் வரவேயில்லை. இரண்டு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதுதான் பணத்தைவிடப் பெரிய இழப்பு.

படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரின் ஹின் லியோங் எண்ணெய் நிறுவனம் 2020-இல் சரிந்தது. நடக்காத விற்பனையை நடந்ததாகக் காட்டி எச்எஸ்பிசி வங்கியிடம் பணம் பெற்ற வழக்கில், அதன் நிறுவனர் லிம் ஊன் குயினுக்கு 2024-இல் பதினேழரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தொகை 111.7 மில்லியன் அமெரிக்க டாலர். காகிதத்தை நம்பி வங்கியே ஏமாந்தது.

1963-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சமையல் எண்ணெய்த் தொட்டிகளைக் காட்டி ஒருவர் பெருங்கடன் வாங்கினார். மேலே எண்ணெய் மிதந்தது; அடியில் தண்ணீர். இதைப் படித்தபோது எங்களுக்கு நாயகம் (ஸல்) அவர்களின் கடைத்தெரு நிகழ்ச்சிதான் நினைவுக்கு வந்தது. தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, வணிகரைக் கண்டித்தார்கள். கைவசம் இல்லாததை விற்கக் கூடாதென்றும் தடுத்தார்கள். அந்தக் கட்டளையைப் பின்பற்றினாலே இந்தத் தரகில் பாதி நின்றுவிடும்.

நம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தைத் தராசில் போடாமல் யாரும் கணக்கு எழுதுவதில்லை. பொலிடெக்னிக்கிலும் எங்களுக்கு அதையேதான் சொல்லிக் கொடுத்தார்கள்: அளந்து பார்த்த பிறகே எழுது. ஆகவே யாராவது இப்படி விற்க வந்தால்:

ஒன்று, கப்பலின் ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணைக் கேளுங்கள். கப்பல் இப்போது எங்கே இருக்கிறதென்று இணையத்தில் நீங்களே பாருங்கள்.

இரண்டு, எண்ணெய் கிடங்கில் இருப்பதாகச் சொன்னால், அவர் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, கிடங்கின் எண்ணை நீங்களே தேடி விசாரியுங்கள். ராட்டர்டாம் போன்ற துறைமுகங்களின் பெயரில் போலிக் கிடங்குகளின் இணையத்தளங்கள் உள்ளன.

மூன்று, தரச் சான்றிதழ் உண்மையா என்பதை அதை வழங்கிய ஆய்வு நிறுவனத்திடமே கேளுங்கள்.

நான்கு, முன்பணம் அனுப்பாதீர்கள். வங்கிக் கடன்பத்திரம் வழியாகவே பேசுங்கள். அதிலும் வங்கி பார்ப்பது தாள்களைத்தான், சரக்கை அல்ல. சரக்கைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

ஐந்து, உள்நாட்டுக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால், காவல்துறையின் ‘செமாக் மூல்’ தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 997-க்கும் வங்கிக்கும் அழைத்து, காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது “இப்போது கேட்காதே, கப்பல் வந்ததும் சொல்கிறேன்” என்றால், அப்போதே கேளுங்கள். பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சங்கத்தில் ஸலாம் சொல்லிப் பழகிய உறவை வைத்து ஒருவர் பணம் திரட்டினால், நல்லவர் என்று சாட்சி சொல்வதற்கு முன் சரக்கு எங்கே என்று கேளுங்கள். ஐம்பது ஆண்டாக நம் முன்னோர் கட்டிக் காத்த நம்பிக்கை நம்மிடம் உள்ள அமானிதம். அதை அடகு வைக்க நமக்கு உரிமையில்லை.

நம் தொழிலில் அல்லாஹ் ஹலாலான வருமானத்தையும் பரக்கத்தையும் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.