மீன் கண்ணும் பாட்டி கண்ணும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பிள்ளைகளுக்கு அறிவியல் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். மீன் குழம்பிலிருந்து தொடங்குகிறேன், சிரிக்காதீர்கள். தலைக்கறி வைத்தால் கண்ணுக்குள் வெள்ளையாக, கல்லு மாதிரி ஓர் உருண்டை இருக்குமே, பார்த்திருப்பீர்கள். மீன் உயிரோடு இருந்தபோது அது கண்ணாடிபோல் தெளிந்த விழிவில்லை. அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் புரதமும்தான். சூடு பட்டதும் புரதம் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஒளி நேராக உள்ளே போக முடியாது. வெள்ளைக்கரு வேகும்போது நடப்பதும் இதுதான்.

குளிருக்கும் இந்தக் குணம் உண்டு. கன்றுக்குட்டியின் விழிவில்லையை ஐஸ் பெட்டியில் வைத்தால் வெளுத்துவிடும். உள்ளங்கைச் சூடு பட்டால் மறுபடி தெளியும். அப்படியானால் பனிக்கடலில் வாழும் மீன் என்ன செய்யும்? தென் துருவத்து அண்டார்டிகாக் கடலில் டூத்பிஷ் என்றொரு பெரிய மீன் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரி. உப்பு இருப்பதால்தான் அது உறையாமல் கிடக்கிறது. அந்த மீனின் விழிவில்லையை மைனஸ் 12 டிகிரி வரை குளிர வைத்துப் பார்த்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. அப்போதும் வெளுக்கவில்லையாம்!

காரணம் புரதத்தில் இருக்கிறது. விழிவில்லைப் புரதங்களுக்குக் கிரிஸ்டலின் என்று பெயர். துருவ மீனின் காமா கிரிஸ்டலின்கள் குளிரில் ஒன்றையொன்று இழுத்துக் கூட்டம் கூடாதபடி அமைந்திருக்கின்றன. ஆல்பா கிரிஸ்டலினோ காவல்காரன். குலையத் தொடங்கும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு கட்டி சேரவிடாது. 1992-இல் ஜோசப் ஹார்விட்ஸ் என்ற விஞ்ஞானி இதைக் காட்டினார். இந்தக் காவல்காரன் மீனுக்கு மீன் வேறு. இந்தியா, வங்காளதேசத்து ஓடைகளில் வாழும் வரிக்குதிரை மீனின் ஆல்பா வெப்பம் தாங்கும். துருவ மீனுடையது குளிரிலும் சுறுசுறுப்பாக வேலை செய்யும்; ஆனால் சூட்டில் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஒன்றைப் பெற ஒன்றை விட்டிருக்கிறது.

சரி, நமக்கென்ன என்கிறீர்களா? நம் கண்ணிலும் அதே காவல்காரன்தான். ஆனால் விழிவில்லையின் நடுவிலுள்ள புரதம் நாம் பிறக்கும் முன்பே உண்டானது. சாகும்வரை மாற்றுக் கிடையாது. வயது ஏற ஏற ஆல்பா செலவாகித் தீர்கிறது. மற்றப் புரதங்கள் ஒட்டிக்கொள்கின்றன. கண்புரை என்பது அதுதான். வெயில், புகைபிடித்தல், இனிப்பு நீர் மூன்றும் அதைச் சீக்கிரம் கொண்டுவரும். காலமெல்லாம் வெயிலில் நிற்கிறவர்களுக்கு ஒரு தொப்பியாவது வேண்டும்.

“வயசானா அப்படித்தான்” என்று பாட்டியைத் திண்ணையில் உட்கார்த்தி வைக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆகாது. வெந்த முட்டை பச்சை முட்டையாகாது. சொட்டு மருந்து ஊற்றிப் புரையைக் கரைக்க முடியாது. ஆனால் மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கலாம். 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் தொடங்கிய முறை அது. இன்று நம் அரசாங்க மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். வீட்டில் பெரியவர்களுக்குப் பார்வை மங்கினால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மேசைமேல் பரிசுகள் காத்திருக்கின்றன. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் இனிமேலும் பேச எனக்கே துணிவில்லை.