சுவரில் ஓதம், போனில் பதில் இல்லை: கான்ட்ராக்டரோட வாரன்ட்டி சண்டையை எப்படி முடிக்கிறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)

புது வீடு கட்டினவங்க, ஃபிளாட் வாங்கினவங்க, அம்மா அப்பாவுக்காக ஊர்ல வீடு கட்டிட்டு இருக்கிறவங்க, எல்லாருக்குமான எபிசோடு இது. பைப் கசியுது, கட்டினவர் வர மாட்டேங்கிறார். இப்போ என்ன பண்றது?

தாம்பரம் பக்கம் இருக்கிற ஒரு நேயரோட கதையை வெச்சே பேசலாம். பேர் வேண்டாம்னு சொல்லிட்டார். சொந்த மனையில, ஸ்கொயர் ஃபீட் ரேட் பேசி, ஒரு கான்ட்ராக்டர்கிட்ட 42 லட்சத்துக்கு வீடு கட்டினார். கீழே அப்பா அம்மா, மேலே இவர். ஒப்பந்தம் மொத்தமே ரெண்டு பக்கம். அதுல ஒரு வரி: பிளம்பிங் வேலைக்கு ஒரு வருஷம் வாரன்ட்டி.

குடி போய் ஒன்பதாவது மாசம், மேல் மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே, அப்பாவோட ரூம் சுவர்ல ஓதம். இவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினார். "அது பெயின்ட் பிரச்சனை சார், மழை முடியட்டும், பார்த்துக்கலாம்"னு பதில் வந்துச்சு. மழை முடிஞ்சது. ஓதம் முடியல. பதினாலாவது மாசம் அது சுவிட்ச் போர்டு வரைக்கும் இறங்கிடுச்சு. அப்பா லைட் போடப் போனப்போ கையில சுருக்குனு ஷாக். அன்னிக்கே அந்த ரூம் எம்சிபியை ஆஃப் பண்ணிட்டாங்க. 70 வயசுக்காரர் ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டுப் பாத்ரூம் போறார்.

இவர் போன் பண்ணினா கான்ட்ராக்டர் சொன்னது ரெண்டே விஷயம். ஒண்ணு, "வாரன்ட்டி முடிஞ்சுபோச்சு." ரெண்டு, "நீங்க எனக்கு இன்னும் 60 ஆயிரம் பாக்கி தரணும். அதைக் குடுங்க, அப்புறம் பேசலாம்." அந்தப் பாக்கி உண்மைதான். பெயின்டிங் சரியில்லைன்னு இவர் கடைசித் தவணையைப் பிடிச்சு வெச்சிருந்தார். ஆக, ரெண்டு பக்கமும் கோபம், ரெண்டு பக்கமும் ஒரு நியாயம்.

முதல்ல நோய் என்னன்னு பாருங்க

கோபத்துல வக்கீலைத் தேடுறதுக்கு முன்னாடி, தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கணும். ஓதத்துக்குப் பெரும்பாலும் மூணு வழி. ஒண்ணு, தண்ணி கொண்டு வர்ற பைப். ரெண்டு, தண்ணி வெளியே போற பைப், இல்லேன்னா பாத்ரூம் தரைக்கடியில வாட்டர்ப்ரூஃபிங். மூணு, வெளிச்சுவர் வழியா வர்ற மழைத் தண்ணி.

வீட்லயே சோதிக்கலாம். ரெண்டு மூணு நாள் அந்த பாத்ரூமை யாரும் பயன்படுத்தாதீங்க, ஆனா அதுக்குப் போற வால்வைத் திறந்தே வைங்க. அப்பவும் ஓதம் பரவுச்சுன்னா, எப்பவும் பிரஷர்ல இருக்கிற சப்ளை லைன் மேல சந்தேகப்படலாம். பயன்படுத்தாதப்போ காஞ்சு, குளிக்கும்போது மட்டும் ஈரமானா, வெளியேறுற பக்கம். தரையில தண்ணி போற ஓட்டையை அடைச்சு, ஒரு நாள் முழுக்கத் தண்ணி தேக்கி வெச்சுப் பாருங்க. மழைக்கு மட்டும் ஈரமானா, வெளிச்சுவரைப் பாருங்க.

உறுதியாத் தெரியணும்னா பிரஷர் டெஸ்ட். எல்லாக் குழாயையும் அடைச்சு, கைப் பம்புல லைனுக்குள்ள அழுத்தம் ஏத்துவாங்க. மீட்டர் முள்ளு நின்ன இடத்துல நிக்கணும். இறங்கினா எங்கேயோ கசிவு. டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடியே பண்ண வேண்டிய டெஸ்ட் இது. இப்போ வீடு கட்டிட்டு இருக்கிறவங்க, முள்ளு நிக்கிறதை ஒரு வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க.

வாரன்ட்டி யாரோடது?

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. பைப் கம்பெனி தர்ற வாரன்ட்டி பைப்புக்கு. அதை எப்படி ஒட்டினாங்கங்கிறது கட்டினவரோட பொறுப்பு. சுடுதண்ணிக்குப் போடுற சிபிவிசி பைப்புக்குன்னு தனி சொல்யூஷன் இருக்கு. சாதா பிவிசி சொல்யூஷனைத் தடவிட்டுப் போனா, பைப் எவ்வளவு நல்ல பைப்பா இருந்தாலும் ஜாயின்ட் விட்டுடும். "பைப் கம்பெனிகிட்ட கேளுங்க"ன்னு கான்ட்ராக்டர் சொன்னா, உடைஞ்சது பைப்பா, ஜாயின்ட்டான்னு கேளுங்க. "வேலை செஞ்ச பிளம்பர் ஊருக்குப் போயிட்டார்"னு சொன்னா, நீங்க பணம் குடுத்தது பிளம்பருக்கு இல்ல, கான்ட்ராக்டருக்குங்கிறதை ஞாபகப்படுத்துங்க.

சட்டம் என்ன சொல்லுது?

ரெண்டு வழி. நீங்க எந்த வழின்னு முதல்ல தெரிஞ்சுக்கணும்.

பில்டர்கிட்ட ஃபிளாட் வாங்கியிருந்தா, 2016-ல வந்த ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா. அதோட 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைச்ச நாள்ல இருந்து ஐந்து வருஷத்துக்குள்ள கட்டுமானத்துலயோ, வேலைத் தரத்துலயோ குறை இருக்குன்னு நீங்க தெரிவிச்சா, பில்டர் 30 நாளுக்குள்ள, காசு வாங்காம சரி பண்ணித் தரணும். இல்லேன்னா இழப்பீடு கேட்கலாம்.

நம்ம நேயர் மாதிரி சொந்த மனையில கான்ட்ராக்டர் வெச்சுக் கட்டினா ரெரா வராது. அங்க நுகர்வோர் சட்டம். வீடு கட்டித் தர்றதும் ஒரு சேவைதான், அதுல குறை இருந்தா நுகர்வோர் புகார் தரலாம்னு லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்குல உச்ச நீதிமன்றம் 1993-லயே சொல்லிடுச்சு. இப்போ இருக்கிற 2019 சட்டத்துலயும் சேவைங்கிறதோட விளக்கத்துல வீடு கட்டுறது இருக்கு. நீங்க குடுத்த தொகை 50 லட்சம் வரைன்னா மாவட்ட ஆணையம். 20-ல இருந்து 50 லட்சம்னா கட்டணம் 1000 ரூபாய். வக்கீல் வெச்சே ஆகணும்னு கட்டாயம் இல்ல. பிரச்சனை உருவான நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். அதுக்கு முன்னாடி ஆலோசனை வேணும்னா 1915-க்கு போன் பண்ணலாம்.

ஆனா ஒண்ணு. மூணு மாசத்துல, சோதனை தேவைப்பட்டா ஐந்து மாசத்துல முடிக்க முயற்சி பண்ணணும்னு சட்டம் சொன்னாலும், நடைமுறையில அதைவிட அதிகமாவே இழுக்கும். அதுவரைக்கும் அப்பா டார்ச்சோடதான் இருக்கணும். அதனால வழக்குங்கிறது கையில இருக்கட்டும், முதல்ல பேசுங்க.

எப்படிப் பேசினாங்க?

நேயர் மூணு வேலை செஞ்சார். முதல்ல, ஒரு பக்கக் கடிதம். திட்டு இல்ல, மிரட்டல் இல்ல. இந்தத் தேதியில குறையைச் சொன்னேன், இந்தத் தேதியில நீங்க இப்படி பதில் சொன்னீங்க, இதோ போட்டோ. 15 நாளுக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்து சோதிக்கலாம், நீங்க வராட்டி வேற ஆளை வெச்சு சரி பண்ணிட்டு செலவைக் கேட்பேன். இதை ஸ்பீட் போஸ்ட்ல, டெலிவரி ஆனதுக்கு ஆதாரத்தோட அனுப்பினார்.

இந்தக் கடிதத்தோட பலமே அந்த ஒன்பதாவது மாச வாட்ஸ்அப்தான். ஒரு வருஷம்ங்கிறதை, குறையை எப்போ சரி பண்ண வந்தோம்னு வெச்சு எண்ண முடியாது. எப்போ சொன்னோம்ங்கிறதுதான் கணக்கு. "மழை முடியட்டும்"னு தள்ளிப்போட்டவர், தள்ளிப்போட்ட நாளையே தனக்குச் சாதகமாக் காட்டினா யாரு ஒத்துக்குவாங்க?

ரெண்டாவது, தனியா ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டார். கான்ட்ராக்டர் முன்னாடியே பிரஷர் டெஸ்ட். கொஞ்ச நேரத்துலயே முள்ளு இறங்கிடுச்சு. டைவர்ட்டருக்குப் பின்னாடி நாலு டைல்ஸ் எடுத்துப் பார்த்தா, சுடுதண்ணி லைன்ல எல்போ ஜாயின்ட்டுக்குள்ள பைப் முழுசா இறங்கவே இல்ல. யாரும் வாக்குவாதம் பண்ணல. பண்ண ஒண்ணும் இல்ல. கொத்தும்போது எல்லாத்தையும் வீடியோ எடுத்தாங்க, அந்த எல்போவைப் பத்திரமா எடுத்து வெச்சாங்க. நீங்களும் மறக்காதீங்க: எதிர்த்தரப்பு பார்க்கிறதுக்கு முன்னாடி சரி பண்ணிட்டா, சாட்சியையும் சேர்த்துப் பூசி மூடிடுறீங்க.

மூணாவதுதான் கஷ்டம்: பாக்கி 60 ஆயிரம். "முதல்ல காசு"ன்னு அவர், "முதல்ல வேலை"ன்னு இவர். இன்ஜினியர் நடுவுல உட்கார்ந்து ஒரு வழி சொன்னார். திரும்ப பிரஷர் டெஸ்ட் பண்ணி முள்ளு நின்னா பாதி. சுவர் காஞ்சு, 30 நாள் ஓதம் வரலேன்னா மீதி. பைப், கூலி, கீழ் ரூம் பூச்சு, பெயின்ட், சுவிட்ச் போர்டு வயரிங் எல்லாம் கான்ட்ராக்டர் செலவு. அதே டைல்ஸ் இப்போ கடையில கிடைக்கல. வேற கலர்ல ஒட்டினா போதும்னு நேயர் விட்டுக்குடுத்தார். இந்த வேலைக்குப் புதுசா ஒரு வருஷம் வாரன்ட்டி. எல்லாத்தையும் எழுதி, தேதி போட்டு, ரெண்டு பேரும் கையெழுத்து. வாய் வார்த்தையா விட்டிருந்தா, அடுத்த மழைக்கு அதே சண்டை திரும்ப வந்திருக்கும்.

நேயர் செஞ்சது சரியான்னு கேட்டா, பாக்கியைப் பிடிச்சு வெச்சதுல தப்பில்ல, ஆனா எதுக்காகப் பிடிக்கிறோம்னு அன்னிக்கே எழுதிச் சொல்லியிருக்கணும்னு நினைக்கிறேன். எழுதாம பிடிச்ச காசு, அந்தப் பக்கம் ஏமாத்துன காசாத்தான் தெரியும்.

இப்போ ஒப்பந்தம் போடப் போறவங்களுக்கு நாலு வரி. வாரன்ட்டி எந்தத் தேதியில ஆரம்பிக்குது? வாட்ஸ்அப்ல சொன்னா போதுமா, எத்தனை நாள்ல வரணும்? பைப்புக்காக உடைக்கிற டைல்ஸ், பூச்சு யார் செலவு? கடைசித் தவணையில எவ்வளவு, எத்தனை மாசம் பிடிச்சு வைக்கலாம்? இதை எழுதிட்டா பாதி சண்டை வராது. சுவருக்குள்ள பைப் போற வழியை, பூசுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. அப்புறம் கொத்தும்போது எங்க கொத்தணும்னு தெரியும்.

ஓதம் சுவிட்ச் போர்டு பக்கம் வந்துட்டா மட்டும், வாரன்ட்டி, கடிதம் எல்லாம் அப்புறம். முதல்ல அந்த லைனை ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

வீடு கட்டிட்டு இருக்கிற ஃப்ரெண்டு யாராவது இருந்தா, பூச்சு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இதை அனுப்பிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.