வண்டியை நிறுத்தியவர்



2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று ராத்திரி வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். அடேயப்பா! தூக்காதவர்களை எண்ணுவதுதான் சுலபம் போலிருக்கிறது. அப்படியானால் மழையைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. தாமிரபரணியில் லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன. இதெல்லாம் நீங்கள் நனைந்து கண்டது.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'பயணமும் உறவும்'. நான் ஒரு ரயிலைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அன்று மார்கழி பிறந்த நாள். ராத்திரி எட்டரை மணி வாக்கில் செந்தூர் எக்ஸ்பிரஸ் திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பியது. உள்ளே சுமார் 800 பேர். முருகனைக் கும்பிட்டுவிட்டு, பன்னீர் இலை விபூதியை மடியில் முடிந்துகொண்டு ஏறியவர்கள். மிக்ஜாம் புயல் சென்னையை முக்கி எடுத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு வெள்ளத்தில் நனைந்த வீட்டுக்கு இன்னொரு வெள்ளத்தின் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இதுதான் இந்தக் காலத்துப் பயணம், அண்ணாச்சிமார்களே!

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு மனிதர் அந்த வண்டியை நிறுத்தினார். நிலைய அதிகாரி. முன்னால் பாதை சரியில்லை என்று சேதி வந்தது, நிறுத்தினார். செய்துங்கநல்லூர் போகிற வழியில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் வாரிக்கொண்டு போய், வெறும் இரும்பு அந்தரத்தில் தொங்கியது. படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் 800 பேரோடு ஒரு வண்டி ஏறியிருந்தால்?

அவர் பேரை நான் சொல்லப் போவதில்லை. பத்திரிகையில் வந்த பேர்தான், உங்களுக்கும் தெரியும். ஆனால் பேரைச் சொன்ன உடனே, அந்தப் பேருக்கு என்ன மதம், என்ன சாதி என்று துழாவுகிற கூட்டம் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்கிறேன்: பேரை விடுங்கள், செய்த வேலையைப் பாருங்கள்!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். அந்தக் கைதட்டல் எனக்கு இல்லை, அவருக்கு.

வண்டி நிற்பது என்றால் சாதாரணமா? 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சரை நினைத்துப் பாருங்கள். புயலில் சிக்னல் செத்துவிட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்த வண்டி மெல்ல நகர்ந்தது. கடல் வந்து அப்படியே கொண்டுபோய்விட்டது. 100 பேருக்கு மேல், ஒருவரும் கரையேறவில்லை. அந்த ஓட்டுநரைக் குறை சொல்ல நாம் யார்? "போகாதே" என்று அவருக்குச் சொல்ல ஓர் ஆள் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் இருந்தார். 59 வருஷத்துக்கு அப்புறம் நமக்குக் கிடைத்த புண்ணியம் அது.

அந்த ரயிலில் என் சித்தி மகள் இருந்தாள். அவள், அவள் வீட்டுக்காரர், மாமியார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏழாம் பொருத்தம். மாமியாருக்குச் சர்க்கரை நோய். வீட்டில் இனிப்பு எதுவும் கண்ணில் படாமல் என் தங்கச்சி ஒளித்து வைப்பாள். "எனக்குத் தராம எல்லாத்தையும் ஒளிக்கா" என்று அந்த அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். இதுதான் பதினோரு வருஷச் சண்டை.

முதல் ராத்திரி பெட்டிக்குள் ஒரே கலகலப்பாம். கீழ்ப் படுக்கைக்காக ஒருவர் இவர்களோடு மல்லுக்கட்டினாராம். "நாங்க முன்னாலயே பதிவு பண்ணியிருக்கோம்" என்று அரை மணி நேரம் பேச்சு. விடிந்து பார்த்தால் சுற்றிலும் தண்ணீர். போன் எடுக்கவில்லை. குடிதண்ணீர் தீர்ந்தது. கையில் இருந்த தீனி தீர்ந்தது. சுமார் 300 பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் வழி அறுந்துவிட்டது. மிச்சம் 500 பேர் வண்டியிலேயே. என் தங்கச்சியும் அதில்தான்.

சாப்பாடு இல்லாமல் சர்க்கரை மாத்திரை போட்டிருந்த மாமியாருக்குக் கை நடுங்குகிறது, வேர்க்கிறது. தங்கச்சிக்குப் புரிந்துவிட்டது. திருச்செந்தூரில் வாங்கிய சில்லுக்கருப்பட்டிப் பொட்டலம் பையில் இருந்தது. எடுக்கப் போனால் பை காலி! அவள் வீட்டுக்காரர் நல்ல மனுஷன், விடியற்காலையில் எதிர்ப் படுக்கைக் குழந்தைகள் பசியில் அழுததைப் பார்த்து முழுப் பொட்டலத்தையும் கொடுத்துவிட்டார். "உங்க அம்மாவுக்குன்னுதான வச்சிருந்தேன், பாவி மனுஷா!" என்று இவள் கத்திய கத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்ததாம். அப்போது மேல் படுக்கையில் இருந்து ஒரு கை நீண்டது. யார் கை? முதல் நாள் கீழ்ப் படுக்கைக்குச் சண்டை போட்டாரே, அவர். சட்டைப் பையில் இருந்து இரண்டு சில்லுக்கருப்பட்டி. "பிள்ளை ஒண்ணு எனக்கும் தந்துச்சு தாயி. பெறவு திங்கலாம்னு வச்சிருந்தேன்."

பதினோரு வருஷமாக இனிப்பை ஒளித்த மருமகள் மாமியார் வாயில் கருப்பட்டியை ஊட்டினாள். அந்த அம்மா அதை வாயில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார்.

அதற்கு அப்புறம் வந்தார்கள் ஐயா, பக்கத்து ஊரான புதுக்குடிக்காரர்கள்! கொட்டுகிற மழையில், தண்ணீருக்குள் நடந்து, சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சோறு கொண்டுவந்த ஒரு அம்மாவிடம் என் தங்கச்சி கேட்டிருக்கிறாள்: "மதினி, ஒங்க வீட்டுக்குள்ள தண்ணி வரலையா?" அந்த அம்மா சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"வந்துட்டு தாயி. அடுப்பு முங்கிட்டு. அதான் கோயில்ல வச்சுப் பொங்குதோம்."

(இல்லை, இப்போது தட்ட வேண்டாம்.)

நான் அந்த இரண்டு நாளும் சும்மா இருக்கவில்லை. மூன்று உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்று உபயோகத்தில் இல்லை. மூன்றாவதில் எடுத்தவர் "வண்டி இப்ப எங்க நிக்குது?" என்று என்னிடம் கேட்டார்! இருக்கிற இடம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு எதற்கு ஒரு நம்பர்? புதுக்குடிக்காரனிடம் எந்த நம்பர் இருந்தது? வண்டி நிற்பதைப் பார்த்தான், உலை வைத்தான்.

இந்த மழையைப் பற்றி இன்னொரு மேடையில் ஒருவர் பேசியிருக்கிறார். "புவி சூடாவது எல்லாம் வெளிநாட்டுக்காரன் கட்டுகிற கதை, இது நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மழை" என்று. பெரிய மேதை! நான் கணக்குச் சொல்கிறேன், அவர் மறுக்கட்டும். 2015 சென்னை. 2018 கேரளம். 2019 ஜூலையில் மும்பைக்குப் பக்கத்தில் வாங்கணியில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நின்று, ஆயிரம் பேரைப் படகு வைத்து இறக்கினார்கள். 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் சென்னையும் நெல்லைச் சீமையும். 2024 வயநாடு. உங்கள் நூறு வருஷம் எந்தப் பஞ்சாங்கத்தில் இத்தனை தடவை வருகிறது? காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை எங்கேயாவது இறக்கித்தானே ஆக வேண்டும்? அதுவரைக்கும் பதிவான வருஷங்களிலேயே அதிகம் சூடேறிய வருஷம் 2023. அந்த வருஷக் கடைசியில் காயல்பட்டினத்தின் தலையில் இறக்கியது. இது கதையா?

கோபம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. மன்னியுங்கள். வண்டிக்கு வருகிறேன்.

வண்டியை நிறுத்திய மனிதர் அன்று திட்டும் வாங்கியிருக்கிறார். "எதுக்கு நிறுத்தினீங்க, எடுங்க" என்று கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். ஊருக்குப் போய்ச் சேர்கிற அவசரம், குற்றமில்லை. ஆனால் பிரியமானவர்களைப் "போகாதே, நில்" என்று தடுப்பதும் உறவுதான். பெற்ற தாய் செய்கிற வேலை அது. முன்னேபின்னே தெரியாத 800 பேருக்கு அவர் செய்தார்.

19ஆம் தேதி மீட்புப் படை வந்தது, ஹெலிகாப்டர் வந்தது, கர்ப்பிணிப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்களை வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுபோய், சிறப்பு ரயிலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். எழும்பூரில் கேமரா காத்திருந்தது. பயணிகள் வீடு போய்ச் சேர்ந்தார்கள், சந்தோஷம்.

புதுக்குடிக்காரன் எங்கே போவான்? வீட்டுக்குள் சேறு. சுற்றுவட்டாரமெல்லாம் வாழையும் நெல்லும் தண்ணீருக்குள். பானையில் இருந்த அரிசியை நமக்குப் பொங்கிப் போட்டாயிற்று. அவனை யார் எந்த வண்டியில் ஏற்றினார்கள்? எண்ணூறு பேரில் எத்தனை பேர் திரும்பிப் போய் அந்த ஊரை எட்டிப் பார்த்தோம்? என் தங்கச்சியிடம் கேட்டேன், "அந்த மதினி பேர் என்னம்மா?" என்று. கேட்காமலேயே வந்துவிட்டேன் அண்ணே என்றாள். போன தை மாதம் மாமியாரைக் கூட்டிக்கொண்டு தேடிப் போனாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். அந்த அம்மாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. யாரைக் கேட்டாலும் "நானும்தான் சோறு கொண்டாந்தேன்" என்கிறார்களாம்.

செந்தூர் எக்ஸ்பிரஸ் இன்றைக்கும் ஸ்ரீவைகுண்டத்தில் நிற்கிறது. அடுத்த தடவை திருச்செந்தூர் போகிறவர்கள் அங்கே இறங்குங்கள். புதுக்குடிக்கு நடந்தே போகலாம். வெறுங்கையோடு போகாதீர்கள். ஆளுக்கு ஒரு படி அரிசி கொண்டுபோய் அந்தக் கோயிலில் கொடுத்துவிட்டு வாருங்கள்.